ஒற்றன் அணியும் உருவம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், வானம் தெளிந்த நாளில் லேடீஸ் சீட் என வழங்கும் முனையில் நின்று நோக்கினால், சேலம் நகரமும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் விரித்து வைத்த ஓவியம்போல் கீழே கிடக்கக் காண்பர். மூடுபனி இறங்கிவிட்டாலோ பத்தடிக்கு அப்பால் நிற்பவர் யார் என்பதும் புலப்படாது. துறை மாணவர்களுடன் அம்மலைக்குச் சென்றிருந்தபோது ஒரு மாலையில் அத்தகைய பனி இறங்கிற்று. காட்சி காண வழியின்றி அறைக்குத் திரும்பிய மாணவர் இருவர், தத்தம் மடிக்கணினிகளை இணைத்து ஒரு போர் விளையாட்டில் ஆழ்ந்தனர். ஒருவன், மற்றவனுடைய படைவீரனின் உருவத்தையே தாங்கிய ஒற்றன் ஒருவனை அவனது பாசறைக்குள் அனுப்பி, அங்குள்ளன யாவும் அறிந்து வென்றான். தோற்றவன் என்னிடம் வந்து, "ஐயா, இது திறமையா, பொய்யா? நீங்களே சொல்லுங்கள்" என்று முறையிட்டான். "போரில் எல்லாம் உண்டு, தம்பி" என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதைச் சற்று நிதானமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி மூடிய களம்

இவ்வகை விளையாட்டினை அறியாத பெரியோர்க்கு முதற்கண் அதன் இயல்பைக் கூறுதல் வேண்டும். நம் நாட்டுச் சதுரங்கத்தில் இருவர் காய்களும் இருவர் கண்ணுக்கும் வெளிப்படையாக நிற்கின்றன. ஆடுபுலி ஆட்டமும் அத்தகையதே. எதிரி என்ன வைத்திருக்கிறான் என்பதில் ஐயமில்லை, என்ன எண்ணுகிறான் என்பதில் மட்டுமே ஐயம். ஆதலின் சதுரங்கத்தில் யானையும் குதிரையும் உண்டு, மந்திரியும் உண்டு, ஒற்றன் இல்லை. அவனுக்கு அங்கு வேலையில்லை.

நிகழ்நேர வியூக விளையாட்டு என்பது வேறு. இதில் முறை வைத்துக் காய் நகர்த்துவதில்லை. இருவரும், சில வேளைகளில் பலரும், ஒரே நேரத்தில் கட்டடம் எழுப்புவர், பொருள் ஈட்டுவர், படை திரட்டுவர், போரிடுவர். ஒருவன் தன் வீரர்களும் கட்டடங்களும் உள்ள இடத்தைச் சுற்றிய பகுதியை மட்டுமே திரையில் காண்பான். எஞ்சிய களம் இருண்டிருக்கும். இந்த இருளைப் 'போர் மூட்டம்' என்பர். பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர் கிளாஸ்விட்ஸ், 1832இல் அவர் மறைந்தபின் வெளிவரத் தொடங்கிய தம் போர் நூலில், போர்க்களத்துச் செய்திகளின் தெளிவின்மையை மூடுபனியோடு ஒப்பிட்டார். அதே பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி 1824இல் திருத்தி அமைத்த படைத்துறைப் பயிற்சி விளையாட்டில், நடுவர் ஒருவர் அமர்ந்து, அவரவர் படைக்குக் கண்ணுக்கெட்டியதை மட்டுமே அவரவர்க்கு உரைப்பார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மனித நடுவர் செய்த அப்பணியைப் பின்னர்க் கணினி ஏற்றுக்கொண்டது.

களம் இருண்டதும் ஒற்றன் தேவைப்படுகிறான். பெரும்பாலும் விரைந்தோடும் ஒரு வீரனோ வேலையாள் ஒருவனோ எதிரியின் எல்லையை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவருவான், அல்லது மடிவான். மாற்றுருக் கொண்ட ஒற்றன் இவ்வகையில் தனிப்பட்டவன். 1996இல் வெளிவந்த 'ரெட் அலர்ட்' என்னும் விளையாட்டில் வரும் ஒற்றன், எதிரியின் கண்ணுக்கு அவனுடைய துப்பாக்கி வீரனாகவே தோன்றுவான். எதிரியின் கட்டடத்துள் நுழைந்து செய்தி அறிவான். அவனை இனங்காண்பவை மோப்ப நாய்கள் மட்டுமே. உடையை மாற்றலாம், வாடையை மாற்ற இயலாது என்பதை அவ்விளையாட்டை அமைத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

2010இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' இரண்டாம் பாகத்தில் இக்கருத்து மேலும் நுட்பமாக அமைந்துள்ளது. அதில் 'ஓவர்சியர்' என்னும் பறக்கும் உயிரி, தன் ஆற்றலில் 50 அளவைச் செலவிட்டுச் 'சேஞ்ச்லிங்' என்னும் சிற்றுயிரை ஈனும். அது எதிரியின் எல்லையை நெருங்கியதும் எதிரியின் அடிப்படை வீரனுடைய உருவத்தையும் அவனது கொடி நிறத்தையும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு ஆயுதமில்லை. சில நிமிடங்களில் தானே மடிந்துவிடும். எதிரியின் வீரர்கள் அதனைத் தம்மவன் என்றெண்ணித் தாமாகத் தாக்க மாட்டார்கள். ஆயினும் அவர்களை ஆட்டுவிக்கும் மனிதன் உற்று நோக்கி ஐயுற்று, "இதனைச் சுடு" என்று கட்டளையிட்டால் சுட்டு வீழ்த்துவர். கணினி ஏமாறும், கவனமுள்ள மனிதன் ஏமாற வேண்டியதில்லை. இதுவே அவ்வேடத்தின் உயிர்நாடி. எதிரி ஆயிரம் வேலைகளுக்கிடையே மூழ்கியிருக்கும் கணத்தைத்தான் ஒற்றன் உடையாக அணிந்து செல்கிறான்.

இதனை உணர்ந்தோர் மாற்றுரு ஒற்றனைப் பயன்படுத்தும் முறையே வேறாக இருக்கும். தேர்ச்சியற்றவன் அதனைத் தனியே, நேர்வழியில், எதிரியின் வாயிலுக்குள் ஓட்டுவான். எதிரியின் வீரன் ஒருவன் வெளியிலிருந்து தனியே உள்ளே ஓடிவருவது இயல்பான காட்சியன்று. எனவே உடனே அகப்படும். தேர்ந்தவனோ எதிரியின் படை வெளியே சென்று திரும்பும் வேளைக்குக் காத்திருந்து, அக்கூட்டத்தோடு கலந்து உள்ளே செலுத்துவான். உள்ளே புகுந்தபின் அங்குமிங்கும் அலைய விடான். கட்டடங்கள் தெரியும் ஓரிடத்தில் ஏனைய வீரரோடு வீரனாக நிறுத்திவிடுவான். அவன் காண விழைவது வீரர் எண்ணிக்கையை மட்டுமன்று. எந்தப் பட்டறை எழுகிறது, எத்தனை வேலையாட்கள் பொருள் ஈட்டுகின்றனர், இரண்டாம் ஊர் ஒன்று அமைக்கப்படுகிறதா என்பனவற்றைக் காண்பான். இன்றைய படையைவிட நாளைய படையை அறிவிப்பன அவை.

இதற்கு மாற்றும் உண்டு. ஐயுற்றவன் தன் வீரர் அனைவரையும் ஒருசேரத் தெரிந்து நாலடி நகரச் செய்வான். அவனுடைய கட்டளைக்கு அடங்காத ஒற்றன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பான். கூட்டம் விலகியதும் தனித்து நிற்பவன் யாரெனத் தெரிந்துவிடும். இதனினும் சூழ்ச்சியான மாற்று, ஒற்றனைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுதல். அவன் கண்முன்னே வேண்டாத பட்டறை ஒன்றை எழுப்பத் தொடங்கி, அவன் பார்த்துச் செய்தி அனுப்பியபின் அதனைக் கைவிடுதல். கட்டி முடியாத கட்டடத்தைக் கைவிட்டால் செலவில் முக்கால் பங்கு திரும்பக் கிடைத்துவிடும். கால் பங்குச் செலவில் எதிரியை முழுதாகத் திசைதிருப்பலாம். அப்பொழுது ஒற்றன் கண்டது மெய், அவனை விடுத்தவன் கொண்டது பொய்.

வள்ளுவர் வகுத்த ஒற்று

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்குத் திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் நினைவுக்கு வராமல் இராது. பொருட்பாலில் அரசியலைச் சேர்ந்த இவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களையும் மேற்கூறிய விளையாட்டின் அருகே வைத்துப் படித்தால் வியப்பே மேலிடுகின்றது. ஐயுறாத உருவமும், பிறர் உறுத்து நோக்கினும் அஞ்சாமையும், எந்நிலையிலும் உண்மையை உமிழாமையும் ஒற்றனுக்கு இலக்கணம் என்கிறார் வள்ளுவர். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப் பார்த்தே கொள்ள வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாதபடி ஒற்றரை ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தாலன்றித் தெளியலாகாது என்றும் விதிக்கிறார். பொய்ப் பட்டறைச் சூழ்ச்சிக்கு மருந்து இதுவே. கணினி முன் அமர்ந்து தோற்கும் இளைஞருள் பலர், ஒற்றனை அனுப்பாமையால் தோற்பதில்லை. ஒரே ஒற்றனை நம்பித் தோற்கின்றனர்.

ஒற்றன் பூணும் வேடங்களுள் வள்ளுவர் எடுத்துக் கூறுவது துறவியின் வேடம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் இல்வாழ்வோன், வணிகன், தவசி முதலிய கோலங்களில் ஒற்றரை வகுத்துரைக்கின்றது. காரணம் எளிது. துறவியை எவரும் வழிமறித்து ஊர் கேட்பதில்லை. எந்த வாயிலும் அவனுக்குத் திறக்கும். அவனுடைய உடைக்கு ஊரார் தந்துள்ள மதிப்பே அவனுக்குரிய நுழைவுச் சீட்டு. ஆனால் இதே வள்ளுவர் அறத்துப்பாலில், கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், தவக்கோலத்தில் மறைந்து தவறு செய்பவனைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனோடு ஒப்பிட்டு இகழ்கின்றார். ஓரிடத்தில் இகழ்ந்த வேடத்தை மற்றோரிடத்தில் வேந்தனுக்குக் கருவியாக விதிப்பது முரணன்றோ? அறத்துப்பால் தனிமனிதனுக்கு, பொருட்பால் அரசுக்கு என்று கூறி இதனைக் கடந்துவிடுவது எளிது. நானும் பல்லாண்டு வகுப்பறையில் அவ்வாறே கடந்து சென்றவன். இப்பொழுது அது போதுமென்று தோன்றவில்லை.

மலையடிவாரத்துப் போர்

சேர்வராயன் மலையின் அடிவாரமே ஒற்றர்களின் களமாக இருந்த காலம் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போர் நிகழ்ந்த 1790 முதல் 1792 வரையிலான ஆண்டுகளில், இம்மலைக்கு வடக்கே விரிந்த பாராமகால் பகுதி திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் இடையே இழுபறியாக இருந்தது. இருதரப்பும் ஹர்காராக்களைப் பயன்படுத்தின. பாரசீக மொழியில் எல்லா வேலையும் செய்வோன் எனப் பொருள்படும் இச்சொல், செய்தி கொண்டு செல்வோனையும் செய்தி திரட்டி வருவோனையும் ஒருங்கே குறிக்கும். கும்பினியின் பக்கத்தில் அலெக்சாண்டர் ரீட் என்னும் கேப்டனின் பொறுப்பில் ஓர் உளவுப் பிரிவு இயங்கிற்று. அதில் உதவியாளராயிருந்த இளைஞரே பிற்காலத்தில் சென்னை ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோ.

ஒற்று இருந்தும் பயன்படாமற் போனதற்கு இப்போரிலேயே ஒரு சான்று உண்டு. 1790 செப்டம்பரில் கோயம்புத்தூரில் தங்கியிருந்த ஜெனரல் மேடோஸ், கர்னல் ஃபிளாயிடைச் சத்தியமங்கலத்தில் நிறுத்தியிருந்தார். திப்பு பெரும்படையுடன் கணவாய் வழியே இறங்கி வருகிறார் என்ற செய்தி ஃபிளாயிடுக்குக் கிட்டியது. அவர் அதனை மேலிடத்துக்கு அனுப்பினார். மேடோஸ் நம்பவில்லை. இருந்த இடத்திலேயே இருக்குமாறு ஆணை வந்தது. செப்டம்பர் 13ஆம் நாள் திப்புவின் படை தாக்கியபோது ஃபிளாயிடு பீரங்கிகள் சிலவற்றையும் விட்டுவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. ஒற்றர் கண் திறந்திருந்தது, தலைவர் செவி அடைத்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மேடோசின் படையும் மேக்ஸ்வெல்லின் படையும் பாராமகாலில் ஒன்றுசேர்ந்தும், திப்பு அவற்றின் பிடியிலிருந்து நழுவி, சேர்வராயன் மலைக்கு வடமேற்கேயுள்ள தோப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கிவிட்டார். அவருடைய இலகுரகக் குதிரைப்படை முன்னும் பின்னும் பரவி, தலைமைப் படை எங்கே இருக்கிறது என்பதை எதிரி அறியாவண்ணம் திரையிட்டு நின்றது. எதிரியின் ஒற்றைத் தடுப்பதும் ஒற்றாடலின் பகுதியே எனத் திப்பு நன்கு அறிந்திருந்தார்.

1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பினி வசமாயின. உளவுப் பிரிவை நடத்திய அதே ரீட் அப்பகுதியின் நிருவாகத்துக்குத் தலைவரானார். மன்றோ அவருக்கு உதவியாளரானார். 1799 வரை ஊர் ஊராக நிலமளந்து வரி வகுத்தனர். ஒற்றராய் அறிந்த மண்ணை அதிகாரிகளாய் அளந்தனர் எனலாம்.

ஒருவர் கையைப் பற்றிய ஒருவர்

இஸ்லாமிய வரலாற்றில் இப்பொருளுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி அகழ்ப்போரில் உள்ளது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, கி.பி. 627இல், மதீனா நகரைப் பெரும்படை சூழ்ந்து நின்றது. ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் யோசனைப்படி வெட்டப்பட்ட அகழ் நகரைக் காத்தது. கடுங்குளிரும் சூறைக்காற்றும் வீசிய ஓரிரவில், பகைவர் பாசறைச் செய்தியை அறிந்துவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். செய்தி கொண்டு வருக, அவர்களைக் கிளறிவிடாதே என்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை.

ஹுதைஃபா (ரலி) அவர்களுக்கு வேடம் ஏதும் இல்லை. இருளே அவர்தம் போர்வை. பாசறையில் அமர்ந்திருந்தபோது குறைஷியர் தலைவர் அபூ சுப்யான், ஒற்றர் எவரேனும் கலந்திருக்கலாம் என ஐயுற்று, ஒவ்வொருவரும் தம் அருகிலிருப்பவர் யாரெனக் கேட்டறியுமாறு பணித்தார். உடனே ஹுதைஃபா (ரலி) முந்திக்கொண்டு, பக்கத்திலிருந்தவரின் கையைப் பற்றி, "நீ யார்?" என்று வினவினார்கள் என வரலாற்றாசிரியர் கூறுவர். வினவுபவனை வினவ எவருக்கும் தோன்றவில்லை. தன் வீரர் அனைவரையும் நகர்த்தி ஒற்றனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு வீரனின் உத்தியும் அபூ சுப்யானின் உத்தியும் ஒன்றே. அதிலிருந்து தப்பிய வழியை மட்டும் எந்தக் கணினியும் இன்னும் கற்கவில்லை.

இதனினும் சிறந்த பகுதி அடுத்து வருகிறது. அபூ சுப்யான் நெருப்பருகே குளிர்காய்ந்து நின்றார். அம்பெய்தும் தொலைவு. ஹுதைஃபா (ரலி) அம்பை நாணில் பூட்டவும் செய்தார்கள். கிளறிவிடாதே என்ற கட்டளை நினைவுக்கு வந்ததும் கையை மடக்கிக்கொண்டார்கள். எதிரிப்படை கலைந்து புறப்பட ஆயத்தமாகிறது என்னும் செய்தியுடன் திரும்பினார்கள். எதிரியின் நடுவே அறியப்படாது நிற்பவன் கண்ணாக மட்டும் இருத்தல் வேண்டும், கையாக மாறலாகாது என்னும் வரம்பு இங்கு வெளிப்படுகின்றது. சேஞ்ச்லிங்குக்கு ஆயுதம் தராமல் விட்டவர்கள் இந்நிகழ்ச்சியை அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் அவ்வரம்பு அவர்களுக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

பிற்காலத்து உலகச் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே நடந்திருக்கிறது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், பொய்க்கோலத்தில் செய்தி திரட்டுவோனை ஒற்றன் என வரையறுத்து, விசாரணையின்றித் தண்டிக்கலாகாது என்றும், தன் படைக்குத் திரும்பிவிட்டவன் பின்னர்ப் பிடிபட்டால் போர்க் கைதியாகவே நடத்தப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறியோ, போரில் ஈடுபடாக் குடிமகனைப்போல் நடித்துக் கொல்லுதலை நம்பிக்கைத் துரோகம் எனத் தடை செய்கிறது. வேடமிட்டுப் பார்த்தல் ஒன்று, வேடமிட்டுக் கொல்லுதல் வேறொன்று.

வேடத்தின் விலை

இனி, மாணவனின் வினாவுக்கு மையமான பகுதிக்கு வருகிறேன். வேடம் என்பது இரவல் பொருள். ஒற்றன் அணிவது துணியை மட்டுமன்று, அத்துணியை நாள்தோறும் அணிவோர் ஈட்டி வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே அணிகிறான். அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அந்நம்பிக்கை தேய்கிறது. அதன் இழப்பை ஈடு செய்பவர் யார்?

புறநானூற்றின் 47ஆம் பாட்டின் பின்னணியை எண்ணிப் பார்க்கலாம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்று வந்தான் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் இடையிட்டு, பரிசில் பெற்று வாழும் புலவர் பிறர்க்குத் தீங்கெண்ணாதவர் என எடுத்துரைத்து அவனைக் காத்தார். நாம் இப்பாட்டைப் புலவர் பெருமைக்குச் சான்றாகவே படிக்கிறோம். நெடுங்கிள்ளியின் ஐயம் வானத்திலிருந்து குதித்ததன்று என்பதையும் சேர்த்துப் படித்தல் நலம். பகைநாடுகளிடையே தடையின்றிச் செல்லும் உரிமை பாணனுக்கும் புலவனுக்கும் துறவிக்கும் இருந்தது. அவ்வுரிமையை ஒற்றர் இரவல் வாங்கினர். அதனால் மெய்யான புலவனின் கழுத்துக்கு வாள் வந்தது. இளந்தத்தனுக்கு ஒரு கோவூர் கிழார் வாய்த்தார். வாய்க்காதவர் எத்தனை பேரோ!

நம் பகுதியிலும் இதற்குச் சான்றுண்டு. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், ஊர் ஊராய்த் திரிந்த பக்கீர்களின் மீது ஆங்கில அதிகாரிகளின் ஐயம் படிந்தது. பச்சைத் தலைப்பாகையும் கையில் திருவோடுமாகத் தெருவில் பாடிச் சென்ற ஏழை, திடீரெனச் சதிகாரனாகப் பார்க்கப்பட்டான். அதன்பின் அதே நூற்றாண்டில் பிரித்தானியரே அவ்வேடத்தைக் கைக்கொண்டனர். 1863இல் யார்க்கண்டுக்கு அனுப்பப்பட்ட அப்துல் ஹமீது என்னும் முன்ஷி, மறைவாக நிலக் கணிப்புச் செய்து திரும்பும் வழியில் உயிர் நீத்தார். 1865இல் புறப்பட்டு லாசா சென்ற நயின் சிங், யாத்திரிகனைப்போல் ஜெபமாலை உருட்டினார். அம்மாலையில் வழக்கமான 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகளே இருந்தன. நூறடிக்கு ஒரு மணி எனத் தள்ளி வழியளந்தார். அவர்தம் துணிவும் பொறுமையும் போற்றத்தக்கன. ஆயினும் ஜெபமாலை உருட்டிச் செல்லும் மெய் யாத்திரிகனை எல்லைக் காவலன் அதன்பின் எக்கண்ணால் பார்த்திருப்பான் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அண்மைக்காலச் சான்று இன்னும் கொடியது. 2011இல் உசாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனமாகிய சி.ஐ.ஏ., பாகிஸ்தானின் அப்போட்டாபாத்தில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி இயக்கம் ஒன்றை மறைப்பாகக் கொண்டு செய்தி திரட்ட முயன்றது. அது வெளிப்பட்டபின், ஏற்கெனவே தடுப்பு மருந்தின்மீது நிலவிய ஐயம் அந்நாட்டில் மேலும் வலுத்தது. 2012 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பணியாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களே மிகுதி. 2013இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகள் பன்னிரண்டின் தலைவர்கள் தம் குடியரசுத் தலைவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினர். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்னும் உறுதி 2014 மே மாதம் வெளியாயிற்று. அதே 2014இன் மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. அதற்கு முன், வட மாநிலங்களில் தயங்கி நின்ற இஸ்லாமியக் குடும்பங்களை இணங்கச் செய்ய அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் பள்ளிவாசல் இமாம்களும் வீடு வீடாகச் சென்று உழைத்திருந்தனர். ஒரு நம்பிக்கையைக் கட்ட எத்தனை கால்கள் நடக்க வேண்டியிருக்கிறது!

இவ்வாறு நோக்கும்போது வள்ளுவரின் இரு அதிகாரங்களுக்கு இடையிலுள்ள முரண் எனக்கு வேறு வகையில் தோன்றுகிறது. பகை வேந்தனை ஏமாற்றுவது பகைவர் இருவர்க்கிடையேயான கணக்கு. துறவியின் உடையை அதற்கு இரவல் வாங்கும்போது, கணக்கில் சேராத மூன்றாமவன் ஒருவன் விலை கொடுக்கிறான். வள்ளுவர் இதனை வெளிப்படையாகக் கூறவில்லை. இரு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு இவ்வினா எழாமல் இராது என்பதே என் கருத்து. உரையாசிரியர் வழியே செல்வோர் உடன்படாமலிருக்கலாம்.

மாணவனுக்குரிய விடை

திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத் இரண்டு கட்டளைகளை ஒருங்கே வைத்திருக்கிறது. நம்பகமற்றவன் கொணரும் செய்தியை ஆராய்ந்து தெளிக என்பது ஆறாம் வசனம். ஒருவர் மறைவை ஒருவர் துருவி நோக்கலாகாது என்பது பன்னிரண்டாம் வசனம். போர்க்களத்தில் ஹுதைஃபா (ரலி) அவர்களை அனுப்பிய அதே மார்க்கம், அண்டை வீட்டுச் சுவரில் காது வைப்பதைத் தடுத்திருக்கிறது. களம் எது, வீடு எது என்று பிரித்தறிவதே நம் பொறுப்பு.

விளையாட்டில் சேஞ்ச்லிங்கை அனுப்பியவன் பொய் சொல்லவில்லை. அவ்வாறு ஓர் ஒற்றன் உண்டென்பது விளையாடத் தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரியும். அவன் இரவல் வாங்கிய உடை எதிரியின் உடையே, இடையிலுள்ள வேறொருவருடையதன்று. தோற்றவன் இழந்தது ஒரு மாலைப்பொழுதை. எதிரி உற்று நோக்கியிருந்தால் கண்டிருக்கலாம். இதில் குறை காண இடமில்லை.

ஆனால் இவ்விளையாட்டுக்கு வெளியேயிருந்து உள்ளே நுழையும் ஒற்றும் உண்டு. களத்தின் இருளை நீக்கிக் காட்டும் திருட்டு நிரலை நிறுவுவோர் உள்ளனர். எதிரி தன் ஆட்டத்தை ஒளிபரப்பினால் அவ்வொளிபரப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடுவோர் உள்ளனர். வேறு பெயரில் கணக்குத் தொடங்கி, நண்பன்போல் எதிரணியில் சேர்ந்து அவர்தம் திட்டத்தைக் கேட்டறிவோரும் உள்ளனர். தென்கொரியாவில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளில், பார்வையாளரின் ஆரவாரத்திலிருந்துகூட எதிரியின் நிலையை ஊகித்துவிடக் கூடாதென்று ஆட்டக்காரரை ஒலி புகாக் கண்ணாடிக் கூண்டுகளில் அமர்த்தினர். மேலே சொன்னவற்றுள் இறுதியிற் கூறியதே எனக்கு மிகவும் உறுத்துகிறது. திருட்டு நிரல் ஓர் ஆட்டத்தைக் கெடுக்கும். நண்பன் வேடமோ, நாளை அக்குழுவில் மெய்யான நண்பனாகச் சேர வரும் முகமறியா இளைஞனையும் வாயிலில் நிறுத்திவிடும். அவன்தான் இங்கு இளந்தத்தன்.

மறுநாள் விடியலில் பனி விலகியிருந்தது. தோற்ற மாணவனிடம் மேற்கூறியவற்றில் பாதியைச் சொன்னேன். "அப்படியானால் நான்தான் பார்க்கவில்லை, ஐயா" என்றான். வென்றவனோ, தோப்பூர்க் கணவாய் எத்திசையில் உள்ளதென்று கேட்டான். வடமேற்கே கை காட்டினேன். இருவரும் சற்று நேரம் அத்திசையையே பார்த்துக்கொண்டு நின்றனர். பின்னர்க் காலை உணவுக்கு மணியடித்தது.